மறைக்கத் தெரிந்த வீடு: மான்டிசெல்லோவின் கட்டடமும் தோட்டமும்

அமெரிக்காவின் ஐந்து சென்ட் நாணயத்தைப் புரட்டினால் நடுவில் குவிமாடமும் முன்னால் தூண்களுமாக ஒரு வீடு தெரியும். மூன்றாவது ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சன், வர்ஜீனியா மாநிலத்தின் சார்லட்ஸ்வில் நகருக்கு அருகே 867 அடி உயரக் குன்றின் உச்சியில் கட்டிய மான்டிசெல்லோ அது. நாணயத்தில் இருப்பது அதன் மேற்கு முகம். அந்தப் பக்கமிருந்து பார்க்கிற எவரும் அதை மாடியில்லாத வீடு என்றே சொல்வார்கள். ஆனால் தரைத்தளத்துக்கு மேல் இரண்டு தளங்கள், கீழே ஒரு நிலவறைத் தளம். பிரதான வீட்டுக்குள் மட்டும் 33 அறைகள்; பக்கச் சிறகுகளையும் சிறு மண்டபங்களையும் சேர்த்தால் 43.

மூன்று தளங்களை ஒரு தளமாகக் காட்டுவது எளிய வேலையல்ல. ஜெஃபர்சன் அதற்காகவே ஏற்கெனவே கட்டியிருந்த வீட்டின் மேல்தளத்தை இடித்தார். மாடிகளை மட்டும் அல்ல, அடுக்களையையும் படிக்கட்டையும் வேலை செய்கிற மனிதர்களையும்கூட இந்த வீட்டின் அமைப்பு பார்வையிலிருந்து அகற்றுகிறது. அதன் நுட்பங்களைத் தனித்தனி விந்தைகளாகப் பார்த்தால் சுவாரசியம்தான். அவற்றைச் சேர்த்துப் பார்த்தால்தான் கட்டடம் புரியும். தோட்டம் வேறு மாதிரி. அங்கே எதையும் மூடிவைக்க முடியவில்லை. விளைந்ததும் விளையாததும் ஆண்டுவாரியாகக் கணக்கில் ஏறியிருக்கின்றன.

குன்றின் தலையைச் சீவியது

வர்ஜீனியாவின் புகையிலைப் பண்ணையார்கள் பெரும்பாலும் ஆற்றங்கரையைத் தேடி வீடு கட்டினார்கள். புகையிலைப் பீப்பாய்களைக் கப்பலுக்கு அனுப்ப ஆறுதான் சாலை. ஜெஃபர்சன் தேர்ந்தெடுத்தது குன்றின் உச்சி. இத்தாலியக் கட்டடக் கலைஞர் பல்லாடியோவின் நூல்களைப் படித்தே கட்டடக்கலையைக் கற்றவர் அவர். மேட்டில் நின்று சுற்றுவட்டாரத்தைப் பார்க்கும் மாளிகை என்ற எண்ணம் அங்கிருந்து வந்தது. மான்டிசெல்லோ என்ற பெயரே இத்தாலிய மொழியில் சிறுகுன்று என்று பொருள்படும்.

1768-ல், 25 வயதில், உச்சியில் 250 அடிச் சதுரத்தைச் சமன்செய்ய மூர் என்பவரோடு ஒப்பந்தம் போட்டார். கூலி பணமாக அல்ல: 180 புஷல் கோதுமை, 24 புஷல் மக்காச்சோளம் (ஒரு புஷல் என்பது சுமார் 35 லிட்டர் கொள்ளும் அளவு). மறு ஆண்டு கிணறு தோண்டினார்கள். பாறையைக் குடைந்து 65 அடி போன பிறகுதான் தண்ணீர். அதுவும் பல ஆண்டுகள் வற்றிப்போனது. குன்றின் மேல் வீடு கட்டியதற்கான விலையை அவர் வாழ்நாள் முழுக்கத் தண்ணீரில்தான் கொடுத்தார். செங்கல் அறுக்கவும் சுண்ணாம்பு குழைக்கவும் தண்ணீர் வேண்டும். கிணறு வற்றினால் சரிவில் உள்ள ஊற்றுகளிலிருந்து வண்டியில் ஏற்ற வேண்டும்.

முதல் வீட்டில் எட்டு அறைகள். இரண்டடுக்குத் தூண் முகப்பு. 1772-ல் மனைவி மார்த்தாவோடு குடிவந்தபோது அதுவும் முடியவில்லை. தெற்கே செங்கல்லால் கட்டிய ஒற்றை அறை மண்டபத்தில்தான் தங்கினார்கள். மேலே அறை, அடியில் அடுக்களை. மார்த்தா 1782-ல் இறந்தார். 1784 முதல் 1789 வரை ஜெஃபர்சன் பாரிஸில் அமெரிக்கத் தூதுவராக இருந்தார். அங்கே செய்ன் ஆற்றங்கரையில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த ஓட்டெல் த சால்ம் என்ற மாளிகை அவரை விடவே இல்லை. குவிமாடம் வைத்த, தரையோடு படிந்து கிடக்கிற கட்டடம். பாரிஸின் நல்ல புது வீடுகளெல்லாம் ஒரே தளம், பெரிய படிக்கட்டுகள் செலவையும் இழுத்து ஒரு நல்ல அறைக்கான இடத்தையும் தின்றுவிடுகின்றன என்று பின்னாளில் கடிதமொன்றில் எழுதினார். 1796-ல் மான்டிசெல்லோவின் மேல்தளத்தை இடிக்கத் தொடங்கினார். இரண்டாம் வீடு பெரும்பாலும் முடிந்தது 1809-ல், ஜனாதிபதிப் பதவியிலிருந்து அவர் ஓய்வுபெற்ற ஆண்டு.

மூன்று தளத்தை ஒன்றாக்கிய விதம்

சூத்திரம் சாளரங்களில் இருக்கிறது. இரண்டாம் தளப் படுக்கையறைகளின் சாளரங்கள் வழக்கமான இடுப்பு உயரத்தில் இல்லை. தரையை ஒட்டித் தாழ்வாக இருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் கீழ்த்தளச் சாளரத்தின் மேல் பகுதி போலவே தெரியும். இரண்டும் சேர்ந்து ஒரே நெடுஞ்சாளரம். மூன்றாம் தளப் படுக்கையறைகளுக்குச் சுவரில் சாளரமே கிடையாது. வெளிச்சம் கூரையில் பதித்த கண்ணாடிகள் வழியாக மட்டும் இறங்குகிறது. வீடு முழுக்க இப்படி 13 கூரைக் கண்ணாடிகள் உண்டு. கூரை விளிம்பைச் சுற்றி ஓடும் வெள்ளைக் கைப்பிடிச் சுவர் மிச்சத்தை மறைத்துவிடும்.

இதன் பலனை அனுபவித்தது கீழ்த்தளம். சுமையை ஏற்றது மேல்தளம். கூடமும் வரவேற்பறையும் இரண்டு தள உயரத்துக்கு எழும்பி நிற்கின்றன. மகளும் பேரப்பிள்ளைகளும் விருந்தினரும் படுத்த மேலறைகளிலோ காற்று காலடியில் மட்டும் வரும். வர்ஜீனியாக் கோடையில் அது போதாது. படிக்கட்டுகள் இரண்டும் 24 அங்குல அகலம், செங்குத்து, வளைவு. எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டும். கட்டிலோ பெட்டியோ மேலே ஏற்றுவது எத்தனை கடினம் என்று படியில் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இன்று சாதாரண நுழைவுச் சீட்டில் மேல்தளத்தைக் காட்டாததும், சிறு குழுக்களை மட்டும் தனி ஏற்பாட்டில் ஏற்றுவதும் இந்தப் படிகளால்தான்.

குவிமாடத்தின் கட்டுமானம் கவனிக்க வேண்டியது. ஃபிலிபேர் தெலோர்ம் என்ற 16ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரரின் முறை அது. வளைந்த பெரிய மரத்தைத் தேடத் தேவையில்லை. குட்டையான பலகைத் துண்டுகளை வளைவாக அறுத்து, ஒரு அடுக்கின் இணைப்பு அடுத்த அடுக்கின் நடுவில் விழும்படி மாற்றி மாற்றி வைத்து, ஒன்றாக இறுக்கினால் ஒரு விலா கிடைக்கும். எந்த இணைப்பும் மற்றொன்றுக்கு நேராக வராததால் விலா முறிவதில்லை. பாரிஸின் தானியச் சந்தைக் குவிமாடம் இப்படிக் கட்டப்பட்டதை ஜெஃபர்சன் நேரில் பார்த்து வியந்திருந்தார். 1800-ல் மான்டிசெல்லோவில் அது எழுந்தது. அமெரிக்காவில் ஒரு குடியிருப்பு வீட்டின் மேல் வைத்த முதல் குவிமாடம் என்று இதைச் சொல்கிறார்கள். உள்ளே மஞ்சள் சுவர், பச்சைத் தரை, வட்டச் சாளரங்கள், உச்சியில் கண்ணாடி. வீட்டிலேயே மிக அழகான அறை இதுதான். ஆனால் 24 அங்குலப் படியில் இரண்டு தளம் ஏறி அங்கே யாரும் விருந்து நடத்தவில்லை. சில காலம் பேரனின் படுக்கையறை. பிறகு சாமான் போட்டுவைக்கும் இடம்.

கதவு, கடிகாரம், காற்று

கூடத்திலிருந்து வரவேற்பறைக்குப் போகும் இரட்டைக் கண்ணாடிக் கதவில் ஒன்றைத் தள்ளினால் மற்றதும் தானே திறக்கும். தரைக்கடியில் இரண்டு உருளைகளைச் சுற்றி எட்டு என்ற எண்ணின் வடிவில் ஒரு சங்கிலி ஓடுகிறது. அது குறுக்காக மாறிச் சுற்றியிருப்பதால் ஒரு கதவு இடம் திரும்பும்போது மற்றது வலம் திரும்பும். எதிரெதிர்த் திசையில் விரிய வேண்டிய இரு கதவுகளுக்கு வேண்டியதும் அதுதான்.

கூடத்துக் கடிகாரத்தை ஜெஃபர்சனே வடிவமைத்தார். அதற்கு இரண்டு முகங்கள். உள்முகம் மணி, நிமிடம், நொடி மூன்றையும் காட்டும். வெளிமுகத்தில் மணிமுள் மட்டும். வெளியே வேலை செய்கிறவர்களுக்கு அதுவே போதும் என்று கருதினார். கூரை மேல் வைத்த சீனச் சேகண்டி மணியடித்துப் பண்ணை முழுவதற்கும் நேரம் சொன்னது. கடிகாரத்தை ஓட்டும் பீரங்கிக்குண்டு போன்ற எடைகள் சுவரோரமாக இறங்க இறங்க, எந்தக் கிழமை என்பதைச் சுவரில் ஒட்டிய பெயர்கள் காட்டும். கணக்கில் ஒரு சிக்கல்: ஏழு நாளுக்கு வேண்டிய உயரம் கூடத்தில் இல்லை. எனவே தரையில் துளை போட்டார்கள். வார இறுதியில் எடை நிலவறைக்குள் இறங்கிவிடும். சனிக்கிழமையைக் கீழே போய்த்தான் பார்க்க முடியும். ஞாயிறன்று மறுபடி முடுக்க வேண்டும்.

அறைகளின் வடிவத்தில் காற்றும் வெளிச்சமும் கணக்கில் எடுக்கப்பட்டிருக்கின்றன. பல அறைகள் பாதி எண்கோணமாக வெளியே புடைத்து நிற்கின்றன. மூன்று திசையிலும் சாளரம் வைக்க இடம் கிடைப்பதால் எந்த நேரத்திலும் ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் காற்று. கீழ்த்தள நெடுஞ்சாளரங்களில் சில மூன்று அடுக்குச் சட்டங்களால் ஆனவை. கீழிரண்டை மேலே தள்ளினால் சாளரமே வாசலாகிவிடும். வடக்கு மூலையில் உள்ள தேநீர் அறை வீட்டிலேயே குளிரானது. அதற்கும் சாப்பாட்டறைக்கும் நடுவே, சுவருக்குள் நழுவி மறையும் கண்ணாடிக் கதவுகளை இரண்டு வரிசையாக வைத்தார். நடுவில் சிக்கிய காற்றே குளிரைத் தடுக்கும். இன்றைய இரட்டைக் கண்ணாடிச் சாளரத்தின் தத்துவமும் அதுதான்.

படுக்கையறைகளில் கட்டில்கள் சுவர்க்குழிக்குள் அடங்கிவிடும். ஜெஃபர்சனின் கட்டில் மட்டும் இரு அறைகளுக்கு நடுவே, இரு பக்கமும் திறந்தபடி இருக்கும். ஒரு பக்கம் இறங்கினால் உடை மாற்றும் அறை, மறுபக்கம் இறங்கினால் எழுதும் அறை.

சாப்பாட்டறையில்தான் மறைப்பு முழு உருவம் கொள்கிறது. கணப்பின் இரு பக்கமும் மரச் சட்டத்துக்குள் சிறு தூக்கிகள். நிலவறையில் நிற்கிறவர் மதுப்புட்டியை வைத்து மேலே ஏற்றுவார், மேலே இருப்பவர் கதவைத் திறந்து எடுப்பார். இன்னொரு சுவரில் நடு அச்சில் சுழலும் கதவு. அதன் பின்புறம் தட்டுகள். அடுத்த பக்கத்தில் நிற்பவர் உணவை அடுக்கிக் கதவைச் சுழற்றினால் பதார்த்தம் மட்டும் உள்ளே வரும், ஆள் வரமாட்டார். விருந்தினர் பேசுவதை வேலையாட்கள் கேட்காமல் இருக்க இது வசதி என்று விளக்குவது வழக்கம். அது உண்மைதான். புட்டியை வைக்கும் கை யாருடையது என்று விருந்தினர் யோசிக்கவே வேண்டியதில்லை என்பதும் அதே அளவு உண்மை.

நீர் ஏமாற்றிய இடங்கள்

வீட்டின் இரு பக்கமும் ஆங்கில எல் எழுத்து வடிவில் நீளும் மரத்தளங்கள் உலாவுவதற்கானவை போலத் தெரியும். அவற்றுக்கு அடியில், குன்றின் சரிவைக் குடைந்த இடத்தில், தெற்கே அடுக்களை, புகைபோடும் அறை, வேலையாட்கள் தங்கிய அறைகள். வடக்கே குதிரை லாயம், வண்டிக்கொட்டகை, பனிக்கட்டிக் கிடங்கு. புல்வெளியில் நிற்பவருக்கு இவை எதுவும் தெரியாது. சரிவுப் பக்கம் இறங்கி நின்றால்தான் வரிசையாகக் கதவுகள் தெரியும். ஒரு சிறகையும் மறு சிறகையும் வீட்டுக்கு அடியில் ஓடும் நீண்ட நடைவழி இணைக்கிறது. அடுக்களையிலிருந்து சாப்பாட்டறைக்கு வந்த ஒவ்வொரு தட்டும் இந்தச் சுரங்கவழியே நடந்துதான் வந்தது.

நடைதளத்தைத் தட்டையாகவும் வைக்க வேண்டும், அடியில் உள்ள அறைகளில் மழை ஒழுகவும் கூடாது. இதற்கு ஜெஃபர்சன் போட்ட திட்டம் மடிப்புக் கூரை. மேலே நடப்பதற்குப் பலகைத் தளம். பலகைகளுக்கு நடுவே இடைவெளி. அதற்கடியில் ரம்பப் பல்லைப் போல மேடும் பள்ளமுமாக வரிசையான குட்டிக் கூரைகள். மழைநீர் பலகை இடுக்கில் விழுந்து, குட்டிக் கூரையின் சரிவில் ஓடி, பள்ளத்து ஓடை வழியே வெளியேறும். தாளில் குறையே இல்லை. நடைமுறையில், இலையும் மண்ணும் பலகை இடுக்கில் விழுந்து ஓடையில் சேர்ந்தன. மேலே தளம் மூடியிருப்பதால் துப்புரவு செய்யக் கை போகாது. வெயில் படாத ஈர மரம் உளுத்தது. குளிர்காலத்தில் ஓடையில் உறைந்த நீர் ஓட்டின் அடிப்பக்கம் ஏறியது. கூரை ஒழுக்கு அவர் காலத்திலேயே தீராத தொல்லையாகிவிட்டது. ஒழுகும் இடத்தைக் கண்ணால் பார்க்கவோ கையால் தொடவோ முடியாத கூரையைக் கட்டக்கூடாது என்பது இன்றும் தளம் போடுகிறவர்கள் இங்கே படிக்க வேண்டிய பாடம்.

அந்த நீரை வீணாக்காமல் சேமிக்கவும் முயன்றார். 1808-ல் நான்கு தொட்டிகளைத் திட்டமிட்டார். ஒவ்வொன்றும் எட்டடிக் கனசதுரம், அதாவது சுமார் 14,500 லிட்டர். கூரையிலும் நடைதளங்களிலும் விழுகிற மழை முழுவதும் இவற்றில் சேர வேண்டும். சென்னைவாசிகளுக்கு இந்தத் திட்டம் அந்நியமாகத் தெரியாது. தோற்றது தொட்டியின் உள்பூச்சில். சாதாரணச் சுண்ணாம்புக் காரை தண்ணீருக்குள் இறுகாது; செங்கல் சுவர் வழியே நீர் கசிந்து மண்ணில் போனது. நீருக்குள்ளும் இறுகும் சிமெண்டு கிடைக்கும்வரை தொட்டிகளை நம்ப முடியவில்லை.

பனிக்கட்டிக் கிடங்கு ஒப்பீட்டளவில் வெற்றி. 16 அடி விட்டமுள்ள குழி. 1803-ல் அதை நிரப்ப 62 வண்டி பனிக்கட்டி தேவைப்பட்டது. பனிக்கும் சுவருக்கும் நடுவே சுற்றிலும் ஓர் அடி கனத்துக்கு மரச்சீவல். ஆற்றில் உறைந்த பனியை வெட்டி, மலைமேல் ஏற்றி, கோடைவரை காத்தார்கள். வண்டியோட்டியவர்களும் வெட்டியவர்களும் யார் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

மல்பெரி வரிசை

ஜெஃபர்சன் தன் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்ட மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தார். மான்டிசெல்லோவில் ஒரே காலத்தில் ஏறத்தாழ 130 பேர். வீட்டின் தெற்கே, புல்வெளிக்கும் காய்கறித் தோட்டத்துக்கும் நடுவே, மல்பெரி மரங்கள் நட்ட ஒரு பாதை ஓடியது. 1796-ல் அந்தப் பாதையில் 17 கட்டடங்கள்: தச்சுப்பட்டறை, கொல்லுப்பட்டறை, ஆணிப்பட்டறை, கிடங்குகள், குடியிருப்புகள். 1794-ல் தொடங்கிய ஆணிப்பட்டறையில் 10 முதல் 16 வயதுப் பிள்ளைகள் வேலை செய்தார்கள். நாளொன்றுக்கு 8,000 முதல் 10,000 ஆணிகள். புகையிலையால் களைத்த நிலத்தைக் கோதுமைக்கு மாற்றிய ஆண்டுகளில் பண்ணைக்குக் காசு கொண்டுவந்தது இந்தக் குழந்தைகளின் சுத்தியல்.

வீட்டின் மரவேலையில் அயர்லாந்துக்காரரான ஜேம்ஸ் டின்ஸ்மோரின் பெயரும் ஜான் நீல்சனின் பெயரும் அதிகம் பேசப்படும். அவர்களோடு வேலை செய்து, அவர்களுக்குப் பின் பட்டறையின் தலைவராக இருந்தவர் ஜான் ஹெம்மிங்ஸ், அடிமைப்படுத்தப்பட்டவர். வரவேற்பறையின் செர்ரி, பீச் (beech) மரத் தரையையும், கூடத்துச் சுவர் உச்சியில் ஓடும் கோர்னிஸ் என்ற அலங்கார விளிம்பையும் பார்க்கிறவர்கள் அந்தப் பெயரையும் மனத்தில் கொள்ள வேண்டும். அடுக்களையிலும் இதே கதை. பாரிஸில் பிரெஞ்சுச் சமையல் பயின்ற ஜேம்ஸ் ஹெமிங்ஸ், தம்பிக்குக் கற்றுக்கொடுத்த பிறகே 1796-ல் விடுதலை பெற்றார். பின்னாளில் ஜனாதிபதி மாளிகையில் பயின்ற ஈடித் ஃபாசெட்டும் ஃப்ரான்சஸ் ஹெர்னும் மான்டிசெல்லோ அடுக்களையை நடத்தினார்கள். செங்கல் மேடையில் வரிசையாகக் குழிகள், குழிக்கு மேல் இரும்புக் கம்பிச்சட்டம், அடியில் கரி: கரியின் அளவைக் கூட்டிக் குறைத்து இளந்தீயில் சாறு வகைகளைக் காய்ச்சும் அடுப்பு அது. திறந்த கணப்பில் பாத்திரம் தொங்கவிடும் அன்றைய வர்ஜீனியச் சமையலில் அது அபூர்வம்.

தெற்குச் சிறகில், ஜெஃபர்சனின் பிள்ளைகளைப் பெற்ற, அடிமைப்படுத்தப்பட்ட பெண்ணான சாலி ஹெமிங்ஸ் தங்கியிருந்ததாகக் கருதப்படும் சாளரமில்லாத அறை ஒன்று உண்டு. 20ஆம் நூற்றாண்டில் அந்த இடத்தைப் பார்வையாளர் கழிப்பறையாக மாற்றியிருந்தார்கள். அதை அகற்றி, தரையை அகழ்ந்து, 2018-ல்தான் மக்களுக்குத் திறந்தார்கள்.

ஆயிரம் அடி நீளக் காய்கறிமேடை

மல்பெரி வரிசைக்குக் கீழே தென்கிழக்குச் சரிவை வெட்டிச் சமன்செய்த மேடை: நீளம் 1,000 அடி, அகலம் 80 அடி, ஏறத்தாழ இரண்டு ஏக்கர். அதைத் தாங்கும் கற்சுவர் சில இடங்களில் 12 அடிக்கு மேல். 1806-லிருந்து மூன்று ஆண்டுகள் இந்தச் செம்மண் களியை வெட்டிச் சுமந்தவர்கள், வேறொரு பண்ணையாரிடம் கூலிக்கு எடுத்த ஏழு அடிமைத் தொழிலாளர்கள்.

குன்றின் உச்சி வீட்டுக்குத் தண்ணீர் தரவில்லை. தோட்டத்துக்கு ஒரு நல்ல பருவத்தைத் தந்தது. குளிர்காற்று கனமானது, இரவில் சரிவில் வழிந்து பள்ளத்தாக்கில் தேங்கும். அடிவாரத்துத் தோட்டங்கள் ஏப்ரல் உறைபனியில் கருகும்போது மேலே உள்ள மேடை தப்பிக்கும். தென்கிழக்குப் பார்த்த சரிவு காலை வெயிலை முதலில் வாங்கும். பகலில் சூடேறிய கற்சுவர் இரவில் அந்தச் சூட்டை விடும். அதனால்தான் சுவரின் அடியில் உள்ள பாத்திகளில் அத்திமரம் வைத்தார். வர்ஜீனியக் குளிரில் அத்தி தாங்குவதற்குச் சுவரின் வெப்பமும் வைக்கோல் போர்வையும் வேண்டும். மேல்பக்கக் கரையை ஒட்டிய குறுகிய பாத்தியில் முன்பட்டத்துப் பட்டாணி. அக்கம்பக்கத்தாருக்குள் யார் தோட்டத்தில் முதல் பட்டாணி காய்க்கிறது என்று போட்டி உண்டு. வென்றவர் விருந்து வைப்பார்.

மேடையை 24 சதுரங்களாகப் பிரித்து எண்ணிட்டார். பிரித்த முறை சமையல்காரருக்குப் புரியக்கூடியது: காய் பறிப்பவை ஒரு பக்கம், கிழங்கு எடுப்பவை ஒரு பக்கம், கீரையாக அறுப்பவை ஒரு பக்கம். பிப்ரவரி முதல் தேதியிலிருந்து செப்டம்பர் முதல் தேதிவரை திங்கள்தோறும் காலையில் ஒரு விரலுறை அளவு லெட்யூஸ் விதை தூவ வேண்டும் என்பது அவர் விதி. ஒரே நாளில் எல்லாவற்றையும் விதைத்தால் ஒரே வாரத்தில் எல்லாம் முற்றிவிடும் என்பது வீட்டுத் தோட்டம் போட்ட எல்லாருக்கும் தெரியும். இந்தத் தவணை முறை இன்றும் அப்படியே பின்பற்றத்தக்கது. சீகேல் என்ற கடற்கரைக் கீரையின் தளிர்களை மண்சட்டி கவிழ்த்து மூடி வளர்த்தார். வெளிச்சம் படாத தளிர் வெளுத்து, கசப்பு நீங்கி, மென்மையாகும்.

அவர் வளர்த்துப் பார்த்தவை காய்கறியிலும் மூலிகையிலுமாகச் சுமார் 330 வகை. பட்டாணியிலேயே 15. ஆனால் எல்லாவற்றையும் வைத்துக்கொள்வது அவர் நோக்கம் அல்ல. ஒவ்வொன்றிலும் மிகச் சிறந்த ஒன்றிரண்டு வகையைத் தேர்ந்து, மற்றவற்றைத் தோட்டத்திலிருந்து நீக்கிவிட விரும்பினார். பக்கத்தில் பக்கத்தில் பல வகை நின்றால் மகரந்தம் கலந்து, சேமித்த விதை அடுத்த ஆண்டு தாயைப் போல இருக்காது. பூசணியிலும் முட்டைக்கோஸிலும் இது விரைவில் நடக்கும். பட்டாணியும் பீன்ஸும் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே கருவுறுவதால் அத்தனை ஆபத்தில்லை.

1766 முதல் 1824 வரை எழுதிவந்த தோட்டக் குறிப்பேட்டில் தோல்வி நிறைய. 1793-ல் பூச்சி அரித்தது என்று மகள் முறையிட்டபோது, பூச்சியைக் குறை சொல்லாமல் மண் மெலிந்ததைக் காரணமாகச் சொன்னார்: குளிர்காலத்தில் கனமாக எரு போடுவோம், வளமான மண் வறட்சியையும் பூச்சியையும் எதிர்த்து நிற்கும். இதைவிட நேரான வேளாண் அறிவுரை இன்றும் இல்லை.

எள்ளைப் பற்றி அவர் எழுதியது நமக்குத் தனியாக இனிக்கும். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் அந்த விதையைத் தங்களோடு கொண்டுவந்து பென்னி என்று அழைத்தார்கள். 1808-ல் ஒரு புட்டி நல்லெண்ணெயை விருந்தினருக்குச் சாலட்டில் கலந்து கொடுத்துப் பார்த்தார். ஆலிவ் எண்ணெய்க்கு இணை என்று எல்லாரும் ஒப்பினார்கள். ஒரு புஷல் எள்ளுக்கு மூன்று கேலன் எண்ணெய் என்று குறித்தார், அதாவது சுமார் 35 லிட்டர் அளவு எள்ளுக்கு 11 லிட்டர். எள் விளைந்தது. எண்ணெய் பிழிவதுதான் இடறியது. நம் ஊர்ச் செக்கு போல அதற்கென்று வளர்ந்த கருவி அங்கே இல்லை.

இன்று மான்டிசெல்லோவில் பந்தல் ஏறி ஊதாப் பூவும் பளபளக்கும் ஊதாக் காயுமாக எல்லாரையும் நிறுத்துகிற கொடி ஒன்று உண்டு. அது நம் அவரையேதான். அங்கே அழகுக்காக வளர்க்கிறார்கள். அதன் விதையை ஜெஃபர்சனின் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். அவர் பந்தலில் சிவப்பும் ஊதாவுமாக அவரை இனங்கள் ஏற்றியதற்குக் குறிப்பு உண்டே தவிர, அது இந்தக் கொடிதான் என்று அந்தக் குறிப்பிலிருந்து சொல்ல முடியாது.

மேடைக்குக் கீழே பழத்தோட்டம். 1769 முதல் 1814 வரை 1,031 மரங்கள் நடப்பட்டன: ஆப்பிளில் 18 வகை, பீச்சில் 38. இத்தனை முறை நட வேண்டியிருந்ததே பலமுறை பட்டுப்போனதைக் காட்டும். திராட்சையில் தோல்வி முழுமையானது. 1807-ல் 24 ஐரோப்பிய வகைகளில் 287 கொடிகளும் குச்சிகளும் நட்டார். ஒரு புட்டி மது கிடைத்ததாகத் தெரியவில்லை. அமெரிக்க மண்ணில் உள்ள ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பேன் ஐரோப்பியக் கொடியின் வேரை உறிஞ்சும். கோடை ஈரத்தில் கருநோய் காயைச் சுருக்கும். அந்தப் பூச்சியின் குணம் அவர் இறந்து பல பத்தாண்டுகள் கழித்தே விளங்கியது. இன்று அதே சரிவில் அதே ஐரோப்பிய வகைகள் காய்க்கின்றன, அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுப்போட்டதால்.

எல்லாவற்றையும் சுற்றிப் பத்தடி உயரப் பலகை வேலி, ஏறத்தாழ முக்கால் மைல். குட்டி முயல்கூட நுழையாதபடி பலகைகளை நெருக்கி அடிக்கச் சொல்லியிருந்தார்.

இத்தனை பெரிய தோட்டம் இருந்தும் வீட்டுக்குக் காய்கறி போதவில்லை. பேத்தி ஆன் 1805 முதல் 1808 வரை எழுதிய கணக்கில் வெள்ளரி, முட்டைக்கோஸ், தர்பூசணி, கோழி, முட்டை என்று வாங்கியதற்கு வரி வரியாகக் காசு எழுதப்பட்டிருக்கிறது. விற்றவர்கள் அடிமைக் குடும்பங்கள். அந்தியிலும் ஞாயிறன்றும் தங்கள் குடிசைப் பின்புறத்தில் விளைவித்தவை அவை. ஆயிரம் அடி மேடையைப் பற்றி எழுதப்படும் பக்கங்களோடு ஒப்பிட்டால் இந்தப் பின்கட்டுப் பாத்திகளைப் பற்றி எழுதியவை மிகக் குறைவு. அந்தக் குறை தீர வேண்டும்.

அழிந்ததும் மீட்டதும்

1826 ஜூலை 4-ல் ஜெஃபர்சன் இறந்தபோது கடன் 107,000 டாலருக்கு மேல். அடுத்த ஜனவரியில் 130 பேரை ஏலத்தில் விற்றார்கள்; குடும்பங்கள் சிதறின. 1834-ல் வீட்டை வாங்கிய கடற்படை அதிகாரி யூரையா லெவியும், பின்னர் அவர் தம்பி மகனான ஜெஃபர்சன் மன்றோ லெவியும் பழுது பார்த்திராவிட்டால் கட்டடம் நின்றிருக்காது. 1923-ல் ஒரு அறக்கட்டளை ஐந்து லட்சம் டாலருக்கு வாங்கியது. 1987-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

மலர்ப்பாதையை மீட்டது அழகான வேலை. 1807-ல் வீட்டருகே 20 முட்டைவடிவ மலர்ப்பாத்திகளும், மறு ஆண்டு மேற்குப் புல்வெளியைச் சுற்றி வளைந்தோடும் நடைபாதையும் அமைந்தன. நட்டு வளர்த்தவர் வார்ம்லி ஹியூஸ். ஜெஃபர்சனுக்குக் கல்லறை தோண்டியவரும் அவரே. நூறாண்டில் எல்லாம் புல்லுக்கடியில் போனது. 1939-ல் வர்ஜீனியாவின் தோட்டச் சங்கத்தார் இரவில் புல்வெளியின் ஓரத்தில் கார்களை நிறுத்தி, முகப்பு விளக்குகளைத் தரையோடு படியும்படி வீசச் செய்தார்கள். பகலில் தெரியாத பள்ளம், சாய்ந்த வெளிச்சத்தில் நிழலாக எழுந்தது. பழைய பாதை வளைந்து வளைந்து தெரிந்தது. காய்கறி மேடைக்கு 1979-ல் அகழாய்வு தொடங்கியது. சுவரின் அடித்தளம், வேலிக்கால்களின் கறை, வாயிலின் இடம் எல்லாம் கிடைத்த பிறகே மறுபடி கட்டினார்கள்.

நேரில் போகிறவர்கள் வீட்டுக்குள் நுழையும் வரிசையில் முதலில் நிற்காமல், காய்கறி மேடையின் கீழே இறங்கிக் கற்சுவரின் அடியிலிருந்து தொடங்குவது நல்லது. அங்கிருந்து மேலே ஏறினால் சுவரின் நடுவில் சிறு தோட்ட மண்டபம் ஒன்று வரும். 1812-ல் கட்டியது, அவர் இறந்த சில ஆண்டுகளிலேயே புயலில் விழுந்தது, 1984-ல் மறுபடி எழுப்பப்பட்டது. மாலையில் உட்கார்ந்து படிப்பதற்கான இடம். நாற்புறமும் சாளரம், உள்ளளவு பன்னிரண்டரை அடிச் சதுரம். அதைத் தாண்டி நாற்பது ஐம்பது எட்டு ஏறினால் மல்பெரி வரிசை. அங்கே 1790-களில் குடும்பங்களுக்காகக் கட்டிய மரக்கட்டைக் குடிசைகள் 12 அடிக்கு 14 அடி, மண்தரை, மரத்தாலான புகைபோக்கி.